சீட்டை மறைக்கலாம், மொழியை மறைக்கலாமா?

ஆலய மலரிலே சீட்டாட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். திருவள்ளுவர் சூதைக் கடிந்து ஓர் அதிகாரமே செய்திருக்கிறார். சூதாடி நாட்டை இழந்த தருமரின் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறேன். நான் இங்கே எழுத எடுத்துக்கொண்ட பிரிட்ஜ் ஆட்டத்தில், எங்கள் ஊர் மண்டபத்தில், பணம் கைமாறுவதில்லை. அதிர்ஷ்டத்துக்கும் அங்கே அதிக இடமில்லை. ஒரு மேசையில் ஆடிய அதே சீட்டுக்கள் அப்படியே அடுத்த மேசைக்குப் போகின்றன. அதே சீட்டுக்களை வைத்துக்கொண்டு மற்றவர்களை விட யார் நன்றாகச் செய்தார் என்பதே கணக்கு. எனவே இதைச் சூது என்று தள்ளிவிடாமல் சற்றுப் பொறுமையோடு வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது சீட்டைப் பற்றி அல்ல, வாய்மையைப் பற்றி.

நம்மில் பலர் ஊரிலே முந்நூற்று நாலு ஆடி வளர்ந்தவர்கள். ஜாக்கிக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, ஏஸுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் 304. அந்தக் கணக்கு இன்றும் நமக்குத் தூக்கத்திலும் வரும். ஆகையால் வேலையிலிருந்து இளைப்பாறிய பின், நானும் ஆலயத்திலே பழக்கமான ஓர் அண்ணையும் பிரிட்ஜ் பழகப் போனபோது, துரும்பு என்றால் என்ன, பிடி என்றால் என்ன, ஏலம் கேட்பது எப்படி என்றெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது என்று நினைத்தோம். அந்த நினைப்பு முதல் நாளே உடைந்தது.

பிரிட்ஜில் 52 சீட்டும் ஆட்டத்தில் உண்டு. நால்வருக்கும் ஆளுக்கு 13. எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஆடத் தொடங்கும் முன், எத்தனை பிடி எடுப்போம், எந்த இனம் துரும்பு என்று ஏலம் கேட்க வேண்டும். ஆறு பிடிக்கு மேலே எண்ணுவது வழக்கம். ஆதலால் ‘ஒரு ஆட்டின்’ என்றால் ஆட்டினைத் துரும்பாக வைத்து ஏழு பிடி எடுப்போம் என்பது பொருள். கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேட், துரும்பில்லாமை என்று ஐந்து வகை. ஒன்று முதல் ஏழு வரை ஏழு படி. எல்லாமாக 35 கேள்விகள். அவற்றோடு ‘பாஸ்’, ‘டபுள்’, ‘ரீடபுள்’ என்ற மூன்றையும் சேர்த்தால் 38 சொற்கள். இவ்வளவுதான் பிரிட்ஜின் அகராதி.

ஆனால் ஒருவர் கைக்கு வரக்கூடிய பதின்மூன்று சீட்டுச் சேர்க்கைகள் எத்தனை தெரியுமா? 635,013,559,600. அறுபத்து மூவாயிரத்து ஐந்நூறு கோடிக்கு மேல்! அத்தனை வகைக் கைகளில் தன் கை இன்னதென்று 38 சொற்களைக் கொண்டு கூட்டாளிக்கு உணர்த்த வேண்டும். அதற்காகத்தான் புள்ளிக் கணக்கு வந்தது. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. ஓர் இனத்தில் பத்து, கட்டு முழுவதிலும் நாற்பது. கையில் 12 புள்ளி அளவில் இருந்தால் ஏலத்தைத் திறக்கலாம். இருவர் கையிலும் சேர்த்து 25 இருந்தால் பெரும்பாலும் நான்கு ஆட்டின், நான்கு இஸ்பேட், துரும்பில்லாமல் மூன்று ஆகியவற்றுக்குப் போகலாம். 33 இருந்தால் பன்னிரண்டு பிடிக்கு முயலலாம்.

நாங்கள் பழகியது ‘ஏக்கால்’ என்னும் முறை. வடமேற்கு லண்டனில் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட் பகுதியிலுள்ள ஏக்கால் வீதியின் பெயரே அதற்கு வந்தது. 1930களில் அந்த வீதியில் இருந்த பிரிட்ஜ் சங்கத்தில் அது உருவாயிற்று. அம்முறையில் ‘துரும்பில்லாமல் ஒன்று’ என்று திறந்தால் 12 முதல் 14 வரை புள்ளி, நான்கு இனமும் ஏறத்தாழச் சமம் என்று அர்த்தம். கூட்டாளி அதற்கு ‘இரண்டு கிளாவர்’ என்றால் தன்னிடம் கிளாவர் இருக்கிறதென்று சொல்லவில்லை. “உம்மிடம் நான்கு ஆட்டினோ நான்கு இஸ்பேட்டோ உண்டா?” என்று கேட்கிறார்.

இந்த இடத்தில் அண்ணைக்கு ஒரு சந்தேகம் வந்தது. “கையிலே கிளாவர் இல்லாமல் கிளாவர் என்று சொல்வது பொய் அல்லவா?” என்று எங்களுக்குக் கற்பித்த அம்மையாரிடம் கேட்டார். நல்ல கேள்வி. அந்த அம்மையார், “அதன் பொருள் உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் பொய்தான். மேசையில் இருக்கும் நால்வருக்கும் தெரிந்திருந்தால் பொய் இல்லை” என்றார்.

பிரிட்ஜின் சட்டங்கள் இதையே விரிவாகச் சொல்கின்றன. ஒவ்வொரு சோடியும் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடுகளை ஓர் அட்டையில் எழுதி மேசையில் வைத்திருக்க வேண்டும். எதிராளி கேட்டால், கேள்வியைக் கேட்டவரின் கூட்டாளி அதன் பொருளை மறைக்காமல் விளக்க வேண்டும். மறைவான உடன்பாடு வைத்திருப்பது குற்றம். கையிலுள்ள சீட்டை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அதை மறைப்பதுதான் ஆட்டமே. ஆனால் அச்சீட்டைப் பற்றிப் பேசும் மொழியை மறைக்க முடியாது. சீட்டு நமக்குரியது; மொழி மேசைக்குரியது.

இன்னொரு விதி இதை விடக் கடினமானது. கூட்டாளிகள் ஏலத்தாலும் ஆடும் சீட்டாலும் மட்டுமே ஒருவருக்கொருவர் செய்தி சொல்லலாம். குரலை உயர்த்துவது, முகத்தைச் சுருக்குவது, நெடுநேரம் யோசிப்பது, பெருமூச்சு விடுவது ஆகிய எதுவும் செய்தியாகக் கூடாது. தவறிப்போய் ஒருவர் நெடுநேரம் யோசித்துவிட்டால் அது குற்றமில்லை, மனிதர் யோசிக்கத்தான் செய்வார். ஆனால் அந்த யோசனையிலிருந்து கூட்டாளி எதையாவது தெரிந்துகொண்டால், அதைப் பயன்படுத்தாமல் விலக்கி வைப்பது அவருடைய கடமை. நியாயமான வழிகள் இரண்டு இருக்கும்போது, அந்தத் தயக்கம் எந்த வழியைக் காட்டுகிறதோ அந்த வழியை அவர் எடுக்கக்கூடாது.

மனிதரின் இயல்பு தெரிந்தவர்கள்தான் இந்தச் சட்டங்களைச் செய்திருக்கிறார்கள். இன்று மண்டபங்களில் யாரும் ஏலத்தை வாயால் சொல்வதில்லை. அச்சிட்ட சிறு அட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வைக்கிறார்கள், குரலின் ஏற்ற இறக்கம் தெரியாதிருக்க. 1975 ஆம் ஆண்டு பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில், கூட்டாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருக்க மேசைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள். அப்போதும் இத்தாலிய அணியில் ஒரு சோடி மேசைக்கு அடியில் காலால் தட்டியதாகக் குற்றச்சாட்டு எழுந்து, அவர்கள் கண்டிக்கப்பட்டார்கள். அதன் பின் மேசைக்கு அடியிலும் தடுப்பு வந்தது. 2015 இல் உலகின் முன்னணி ஆட்டக்காரர் சிலர் மீது இப்படியான குற்றச்சாட்டுகள் எழுந்தன. சீட்டுப் பலகையை மேசையில் எந்த இடத்தில் வைப்பது என்பதையே சைகையாகப் பயன்படுத்திய ஒரு சோடி பின்னர் தண்டனை பெற்றது. திரைக்கும் தடுப்புக்கும் முடிவில்லை. கடைசியில் காவல் மனத்துக்குள்ளேதான் இருக்க வேண்டும்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

நாங்கள் பழகத் தொடங்கி ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு வியாழக்கிழமை பிற்பகல். எதிராளிகள் இருவரும் வயதான ஆங்கிலேயப் பெண்மணிகள். எங்களை எப்போதும் பெயர் சொல்லி வரவேற்பவர்கள். நான் ‘ஒரு ஆட்டின்’ என்று திறந்தேன். கையில் 13 புள்ளி, ஆறு ஆட்டின். எனக்கு அடுத்திருந்த அம்மையார் ‘ஒரு இஸ்பேட்’ என்றார். அண்ணை யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். பிறகு, ஊரிலே முந்நூற்று நாலு ஆடும்போது முணுமுணுப்பது போலவே, “கொஞ்சம் கிடக்கு... பாப்பம்” என்று தமிழிலே சொல்லிக்கொண்டு ‘பாஸ்’ அட்டையை வைத்தார். மற்ற அம்மையார் ‘இரண்டு இஸ்பேட்’ என்றார். என் முறை வந்தது.

அண்ணை அந்தச் சொல்லைச் சொல்லாதிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? விட்டிருக்கலாம். மூன்று ஆட்டின் கேட்டிருக்கவும் கூடும். இரண்டும் நியாயமான வழிகளே. ஆனால் ‘கொஞ்சம் கிடக்கு’ என்பதை நான் கேட்டுவிட்டேன். மூன்று ஆட்டின் கேட்டேன். அண்ணையிடம் எட்டுப் புள்ளியும் இரண்டு ஆட்டினும் இருந்தன. சரியாக ஒன்பது பிடி எடுத்தேன். இரண்டு இஸ்பேட்டில் விட்டிருந்தால் புள்ளி அவர்கள் பக்கம் போயிருக்கும்.

இதுவரை நடந்ததைத் தவறு என்று சொல்லி மன்னித்துவிடலாம். அடுத்து நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. ஆட்டம் முடிந்ததும் அந்த அம்மையார் கோபமில்லாமல், “உங்கள் கூட்டாளி அப்போது என்ன சொன்னார்?” என்று என்னைக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டு, “ஒன்றுமில்லை, அவர் தனக்குத்தானே பேசுகிற பழக்கம்” என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். என் சொல்லை நம்பினார். நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. அவருக்குத் தமிழ் தெரியாது.

வீடு திரும்பும் வழியில் அண்ணையும் நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. இரவு படுத்தபோது எனக்கு ஞாபகம் வந்தது தருமருடைய சூதாட்டம் அல்ல, குருக்ஷேத்திரத்தில் அவர் துரோணருக்குச் சொன்ன பதில். அசுவத்தாமன் இறந்தான் என்று உரத்துச் சொன்னார். யானை என்ற சொல்லைத் தாழ்ந்த குரலில் சொன்னார். சொற்களை எழுதிப் பார்த்தால் அதிலே பொய் இல்லை. பொய் குரலிலே இருந்தது. அதுவரை நிலத்தில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிய அவர் தேர் அன்று மண்ணில் இறங்கிற்று என்பது கதை. பிரிட்ஜில் குரலையும் தயக்கத்தையும் ஏன் விலக்கி வைத்தார்கள் என்பது எனக்கு அன்றுதான் நன்றாக விளங்கியது. ஒருவர் கையில் இல்லாத கிளாவரைச் சொல்லியும் நேர்மையாக இருக்கலாம். உண்மையையே முணுமுணுத்தும் நேர்மை தவறலாம். அந்தப் பேச்சின் பொருளை அறியும் வழி மேசையிலுள்ள எல்லோருக்கும் திறந்திருந்ததா என்பதுதான் கேள்வி.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. “விளையாட்டிலே எதிராளியை ஏமாற்றுவது இயல்புதானே? பிரிட்ஜ் சட்டம் கூட அதை அனுமதிக்கிறதே?” என்று ஒருவர் கேட்கலாம். உண்மை. கையில் இல்லாததை இருப்பதாகக் காட்டி ஒரு கேள்வி கேட்க ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. அவருடைய கூட்டாளியும் எதிராளிகளைப் போலவே அதை அறியாதவராக இருக்க வேண்டும். கூட்டாளியும் சேர்ந்து ஏமாறினால் அது துணிச்சல். கூட்டாளி மட்டும் உள்ளர்த்தம் அறிந்திருந்தால் அது அளாப்பி விளையாடுதல். ஆகவே சட்டம் தண்டிப்பது இரகசியத்தை அல்ல. இரண்டு பேர் சேர்ந்து, உடனிருக்கும் மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு வாசலை வைத்திருப்பதைத்தான் தண்டிக்கிறது.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இந்த வாசல் மிகவும் பழக்கமானது. தமிழே நமக்கு அப்படி ஒரு வாசல். பேருந்தில் எதிரே இருப்பவரின் உடையைப் பற்றி அவர் முன்னாலேயே தமிழில் பேசிச் சிரிக்கிறோம். கடையிலே விற்பவர் முகத்தைப் பார்த்து இனிமையாக ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே, பக்கத்தில் நிற்பவரிடம் தமிழில் அவரை எடைபோடுகிறோம். வீட்டுக்கு வந்ததும் வாசல் மறுபக்கம் திறக்கிறது. அப்பம்மாவுக்கு விளங்கக்கூடாத சங்கதி என்றால் அவர் அருகே அமர்ந்துகொண்டே ஆங்கிலத்துக்கு மாறுகிறோம். வைத்தியர் சொன்னதை அவரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று பிள்ளைகள் தயங்குவது வேறு விஷயம். அது கையிலுள்ள சீட்டு, அதை வைத்திருக்கும் பொறுப்பு அவர்களுடையது. ஆனால் அவர் முன்னாலேயே அவரைப் பற்றி அவர் அறியாத மொழியில் பேசி, “என்ன பிள்ளை?” என்று அவர் கேட்கும்போது “ஒன்றுமில்லை அம்மா” என்கிறோமே, அது நான் அந்தப் பெண்மணிக்குச் சொன்ன அதே ‘ஒன்றுமில்லை’ அல்லவா?

சங்கக் கூட்டங்களிலும் இதைக் காணலாம். மண்டபத்தில் எல்லோரும் பேசுகிறார்கள். முடிவோ இருவர் கண்காட்டியதில் முன்னமே முடிந்திருக்கிறது. கருத்து வேறுபாடு இருக்கலாம். ஒருவர் தம் எண்ணத்தைக் கடைசிவரை வெளியிடாமலும் இருக்கலாம். ஆனால் உடனிருப்பவர்கள் அறியாத சைகையில் காரியம் நடந்தால், அவர்கள் அங்கே வெறும் கதிரைகள்தான்.

எல்லா மறைமொழியும் குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆபத்துக் காலத்தில் உயிரைக் காப்பதற்காகப் பெயரையும் மொழியையும் மறைத்து வாழ்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை மறித்து விசாரித்தவர்கள் அவர்களோடு ஒரு மேசையில் சமமாக அமர ஒப்புக்கொண்டவர்கள் அல்லர். அங்கே இந்த விதிக்கு இடமில்லை. கணவனும் மனைவியும் தனித்திருக்கும்போது பேசும் மொழி அவர்களுடையது. வெளியாரைக் குறிக்காமல் தம்முள்ளே தமிழ் பேசும் இருவர் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதுமில்லை. தாய்மொழி பேச வெட்கப்பட வேண்டும் என்று யாரும் இதிலிருந்து பொருள் கொள்ளக்கூடாது. ஒரு மேசையில் சேர்ந்து உட்கார ஒப்புக்கொண்டவர்களுக்கே இந்தக் கடமை. எதிராளியானாலும் அவர் நம்மை நம்பி உட்கார்ந்திருக்கிறார். அந்த நம்பிக்கையை வைத்தே அவரை வெல்வது வெற்றியாகாது.

அடுத்த வியாழக்கிழமை நான் அந்த அம்மையாரைத் தேடிப் போனேன். அண்ணையும் கூட வந்தார். கேட்காமலேயே வந்தார். “போன கிழமை நீங்கள் கேட்டதற்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. தன்னிடம் கொஞ்சம் இருக்கிறது என்று அவர் தமிழில் சொன்னார். அதைக் கேட்டுத்தான் நான் மூன்று ஆட்டின் கேட்டேன்” என்றேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த ஆட்டத்தின் புள்ளியைத் திருத்தும் காலம் கடந்துவிட்டிருந்தது. நடுவரிடம் சொன்னபோது அவரும் அதையே சொன்னார். பின்பு அந்த அம்மையார், “ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்டபின் திரும்பவும் கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன்” என்றார். அந்தச் சொல் எனக்கு நடுவரின் தண்டனையை விடக் கனமாக இருந்தது. நாம் மறைத்தது மற்றவருக்குத் தெரியாமல் போகும் என்று நினைப்பதும் நம் அறியாமைதான். அவர்களுக்குச் சொற்கள் தெரியாது. மறைக்கிறோம் என்பது தெரியும்.

அன்றிலிருந்து மேசையில் நாங்கள் அட்டையில் உள்ளதைத் தவிர ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அண்ணைக்கு அது மிகவும் சிரமம். வாயை மூடிக்கொண்டு ஆடும் ஆட்டம் ஓர் ஆட்டமா என்று இன்றும் சலித்துக்கொள்வார். ஆட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் இருவரும் தமிழிலே ஒரு பாட்டம் பேசித் தீர்ப்போம். அந்த அம்மையாரும் சில வேளை எங்களோடு வந்து அமர்வார். அப்போது பேச்சு ஆங்கிலத்துக்கு மாறும்.

இந்த மலரின் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் வருகிறது. நம் பிள்ளைகள் இரண்டையும் அறிந்தவர்களாக வளர்கிறார்கள். இரண்டு மொழி அறிந்தவருக்கு இரட்டிப்பான மனிதரோடு பேசும் பேறு கிடைக்கிறது. இரட்டிப்பான மனிதரிடம் மறைக்கும் வசதியும் கிடைக்கிறது. எதற்கு அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதை அவர்கள் நம்மைப் பார்த்தே பழகுவார்கள். அப்பம்மா “என்ன பிள்ளை?” என்று கேட்கும்போது நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வாய்மையில் நிற்கும் உறுதியை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.